த்ரூ பிராப்பர் சேனல்

அந்தத் திட்டத்தைப் பதிவாளர்தான் என் தலையில் கட்டினார் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். "புதுசா சேர்றவங்களுக்கு ஒரு சீனியரை மெண்டரா போட்டா என்ன?" என்று அவர் கூட்டத்தில் பொதுவாகத்தான் கேட்டார். மற்ற உதவிப் பதிவாளர்கள் எல்லாம் டீ கப்பையே பார்த்துக்கொண்டிருக்க, "நான் பாத்துக்கறேன் சார்" என்றவள் நான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

சுற்றறிக்கையையும் நானே எழுதினேன். சேர்ந்து இரண்டு வருடம் முடியாத ஒவ்வொருவருக்கும் வேலை சொல்லிக்கொடுத்து வழிகாட்ட ஒரு மெண்டர். மாதம் ஒரு படிவம்: மெண்டர் சொல்லிக்கொடுக்கிறாரா, மரியாதையாக நடத்துகிறாரா, வேறு ஆள் வேண்டுமா. கேள்விகளை மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். கடைசி வரியைத்தான் யோசிக்கவே இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் லீவு லெட்டரிலிருந்து நாற்காலி கேட்கும் கடிதம் வரை எதுவும் மேலே இருப்பவர் கையெழுத்தில்லாமல் நகராது. த்ரூ பிராப்பர் சேனல் என்பார்கள். கைப்பழக்கத்தில் இதிலும் அப்படியே எழுதிவிட்டேன்: படிவத்தை மெண்டரின் கையொப்பத்துடன் அனுப்பவும்.

மெண்டரைப் பற்றிய குறை மெண்டர் வழியாகவே வர வேண்டுமாம்! பதிவாளர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார். ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாதாமாதம் 'மிக நன்று' என்று படிவங்கள் வந்து குவிந்தன. வெட்கக்கேடு, நான் பூரித்துப்போனேன்.

ஒரு சாயங்காலம் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் தேர்வுப் பிரிவுப் பெண் ஒருத்தி என்னை நிறுத்தினாள். பாலவாக்கத்திலிருந்து வருகிறவள், இளநிலை உதவியாளர். அவளுக்கு மெண்டர் அவளுடைய கண்காணிப்பாளரேதான்.

"அவர் வேலை பூரா என்கிட்டயே தள்ளிடறாரு மேடம். தப்பு வந்தா என் பேர்ல மெமோ. இதுவரைக்கும் ரெண்டு வாங்கிட்டேன்."

"படிவத்துல எழுத வேண்டியதுதானேம்மா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அவர்தானே மேடம் கையெழுத்து போடணும்?"

சுரீரென்றது எனக்கு. இரண்டு மாதத்தில் அவளுக்குத் தகுதிகாண் பருவம் முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று அறிக்கை எழுதப்போகிறவரும் அதே மனிதர்.

"எழுதிக் குடு. நேரா பதிவாளர் கையிலயே குடுக்கறேன்."

"வேணாம் மேடம், பயமா இருக்கு."

நான் விடவில்லை. அங்கேயே நிற்கவைத்து, என் பேனாவைக் கொடுத்து எழுத வைத்தேன். என் தப்பைத் துடைக்கிற அவசரம் எனக்கு. அவள் பயம் அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

மறுநாள் பதிவாளர் கடிதத்தைப் படித்துவிட்டு "அடப்பாவமே" என்றார். நிம்மதியாக வந்துவிட்டேன். மூன்றாம் நாள், தபால் கொண்டுபோகும் ஊழியரிடம் சும்மா விசாரித்தேன்.

"அந்த லெட்டரா? நேத்தே எக்சாம் செக்‌ஷன் சூப்பரெண்டண்ட் கையில குடுத்துட்டேனே. இன்னா மேடம், எதனா தப்பா?"

பதிவாளரிடம் ஓடினேன். பச்சை மையில் 'குறிப்புரைக்காக' என்று எழுதி அவரே அனுப்பியிருக்கிறார்.

"வேற யார்கிட்டம்மா கேக்கறது? அவர்தானே மெண்டர்? உங்க சர்க்குலர்லயே அப்படித்தானே போட்டிருக்கீங்க?"

திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று அன்றைக்கே குறிப்பு எழுதி வைத்தேன். பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடப் பார்வையிட வருகிற குழுவுக்குக் காட்ட இது ஒன்றுதான் இருக்கிறது, நீங்களே தொடருங்கள் என்று பதிவாளரிடமிருந்து திரும்பி வந்தது. விட்டு ஓடவும் முடியாது, வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவும் முடியாது. யாரைத் திட்டுவது? சுற்றறிக்கையின் அடியில் என் கையெழுத்துதான் இருந்தது.

அடுத்த வாரம் அந்தப் பெண் என் அறைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள். எனது மெண்டர் மீது எந்தக் குறையும் இல்லை, முன்பு கொடுத்த கடிதம் உதவிப் பதிவாளரின் வற்புறுத்தலால் எழுதப்பட்டது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து. அதற்கும் கீழே, எனக்காக ஓர் இடம்.

"இன்னொரு தடவை பேசிப் பாக்கறேன்மா. துணைவேந்தர்கிட்டயே போறேன்."

"ஐயோ, வேணாம் மேடம்!" கும்பிட்டாள். "இதுல நீங்க கையெழுத்து போட்டாதான் ரிப்போர்ட்டை நல்லபடியா எழுதுவேன்னு சொல்லிட்டாரு. போட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

மறுபடி ஒருமுறை படித்தேன். வற்புறுத்தினேன் என்பது மட்டும் அதில் உண்மை. 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "தேங்க்ஸ் மேடம்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.