இரண்டு கோல் வித்தியாசம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள வில்லட் கல்லூரியில் லோர்னா ஹாகன் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது பெண்கள் கால்பந்து அணிக்கென்று தனிச் சட்டைகூடக் கிடையாது. ஆண்கள் போட்டுக் கழித்தவற்றை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு ஆடினார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுப்பது, வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டுவது எல்லாம் அவள்தான். முதல் வருஷம் இரண்டே ஆட்டங்களில் ஜெயித்தார்கள். அதன்பின் கால் நூற்றாண்டில், அயோவாவில் அந்த அளவுக் கல்லூரிகளில் அவளைவிட அதிகம் ஜெயித்தவர் யாருமில்லை என்று ஆயிற்று. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. ஆட்டங்கள் நடக்கும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவள் வீட்டிலேயே இருப்பதில்லை. நாலைந்து இலையுதிர் காலங்களுக்கு மேல் அது தாங்கவில்லை.

அவள் திறமை களத்தில் இருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது சமையலறைகளில் இருந்தது. சின்னக் கல்லூரி, பெரிய உதவித்தொகை எதுவும் தர முடியாது. நன்றாக ஆடும் பெண்ணைக் கொண்டுவர வேண்டுமென்றால் அவள் வீட்டுக்குப் போய், வைத்ததைச் சாப்பிட்டு, அப்பாவின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே எல்லா அப்பாக்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: என் பெண்ணை ஆட விடுவீர்களா? லோர்னா பொய் சொல்ல மாட்டாள். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நேராகவே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, தட்டைத் தள்ளி வைத்து, அந்த வாக்கியத்துக்கு வருவாள்.

"ஆனா எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. நாலாவது வருஷம், சொந்த மைதானத்துல கடைசி ஆட்டம். கடைசி வருஷப் பொண்ணுங்க அத்தனை பேரும் அன்னிக்குக் களத்துல இறங்குவாங்க. யாரா இருந்தாலும்."

ப்ரூக்மன் வீட்டிலும் அதைத்தான் சொன்னாள். வெர்ன் ப்ரூக்மன் பன்றிப் பண்ணைக்காரர். மகள் ஹெய்டி கோல்கீப்பர். கை நீளம், ஆனால் கால் அசைவது ஒரு நொடி தாமதம். வெர்ன் கொஞ்ச நேரம் யோசித்தார். அது எனக்குப் போதும் என்றார்.

மூன்று வருஷமாக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, மகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். லோர்னாவைக் கண்டால் ஒரே நகைச்சுவைதான். "என் பொண்ணு பெஞ்சை எப்படிக் காவல் காக்கறா பாத்தீங்களா, கோச்? இதுவரைக்கும் ஒருத்தனும் தூக்கிட்டுப் போகல."

நாலாவது வருஷக் கோடையில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கல்லூரி திறந்த பிறகு அவர் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. கடைசி ஆட்டத்துக்கு மட்டும் எப்படியும் வந்துவிடுவார் என்று ஹெய்டி சொன்னாள்.

இதற்கு முந்தைய வருஷத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்றும் வழக்கப்படி, ஒருபோதும் ஆடாத கோல்கீப்பர் ஒருத்தியை ஆரம்பத்தில் இறக்கினாள் லோர்னா. ஐந்து நிமிஷம் ஆடவிட்டு மாற்றிவிடலாம் என்று கணக்கு. அந்த ஐந்து நிமிஷத்துக்குள் உருண்டு வந்த பந்து ஒன்று அந்தப் பெண்ணின் கைகளுக்கு நடுவே நழுவி உள்ளே போயிற்று. ஒன்றுக்குப் பூஜ்யம் என்றே ஆட்டம் முடிந்து, லீக் பட்டம் கைவிட்டுப் போனது. லோர்னா அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

இந்த வருஷமும் பட்டம் அதே கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. ஜெயித்தால் தேசியப் போட்டி, தோற்றால் வீடு. ஆட்டத்துக்கு முன்தினம் ஹெய்டியை அறைக்குக் கூப்பிட்டு, ஆரம்பத்தில் இறக்க முடியாது, ஆனால் ரெண்டு கோல் முன்னால் இருந்தால் கட்டாயம் இறக்குவேன் என்றாள்.

ஹெய்டி வாதம் செய்யவில்லை. "அப்பாகிட்ட நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? ரெண்டு கோல் வந்தா உள்ள போகப் போற. அவ்வளவுதான்."

மறுநாள் நவம்பர்க் காற்று மைதானத்தைச் சீவிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் கடைசி வருஷப் பெண்கள் பெற்றோரோடு கைகோத்துக் களத்தின் நடுவுக்கு நடந்தார்கள். வெர்ன் சக்கர நாற்காலியில் வந்தார். விதைக் கம்பெனித் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய தலை சுருங்கிப் போயிருந்தது. ஈரப் புல்லில் சக்கரம் சிக்கியபோது ஹெய்டி பூங்கொத்தை அவர் மடியில் போட்டுவிட்டு, குனிந்து முழு பலத்தோடு தள்ளினாள்.

முதல் பாதியில் வில்லட் பெண்கள் ஒரு கோல் போட்டார்கள். அதன்பின் வெகுநேரம் ஒன்றுமில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டாவதும் போட்டார்கள்.

ஹெய்டி எழுந்தாள். மேல்கோட்டைக் கழற்றினாள். கையுறைகளை மாட்டி, மணிக்கட்டுப் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். எதிர்ப்பக்கத்தில் வெர்ன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். மனைவி ஒரு பக்கம், மூத்த மகளின் கணவன் ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள்.

"கோச்," என்றாள் துணைப் பயிற்சியாளர் டானெட்.

"தெரியும். பாக்கறேன்."

பந்து வெளியே போயிற்று. அந்த இடைவெளியில் ஆளை மாற்றலாம். லோர்னா வாயைத் திறக்கவில்லை. அடுத்த தடவை போனபோது, "இன்னும் ஒரு நிமிஷம்" என்றாள். மூன்றாவது தடவையும் போயிற்று. ஹெய்டி கோட்டோரத்தில் நின்று லோர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

அப்போது எதிரணி ஒரு கோல் போட்டது. ரெண்டுக்கு ஒன்று.

"பாத்தியா?" என்றாள் லோர்னா டானெட்டிடம்.

ஹெய்டி பெஞ்சுக்குத் திரும்பி, கையுறைகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். கடைசி விசில் ஒலிக்கும்வரை வெர்ன் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

ஜெயித்தாயிற்று. கோப்பையோடு படம் எடுத்த பிறகு வெர்ன் தன் நாற்காலியை லோர்னா நின்ற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். "நல்ல ஆட்டம், கோச்" என்று கை நீட்டினார். கையில் கனமே இல்லை. பெஞ்சு நகைச்சுவையை அன்று அவர் சொல்லவில்லை.

தேசியப் போட்டியில் முதல் சுற்றிலேயே மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பினார்கள். பஸ்ஸில் லோர்னா தன் தரப்பை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். ஹெய்டி உள்ளே இருந்திருந்தால் ஒன்று விழுந்த இடத்தில் இரண்டு விழுந்திருக்கலாம். இருபது பெண்களின் உழைப்பு ஒருத்தியின் அப்பாவுக்காகப் போயிருக்கலாம். கணக்கில் பிழை தெரியவில்லை. ஆனால் வழக்கத்தில் முன்பு நிபந்தனை இருந்ததில்லை. நிபந்தனையை வைத்தது அவள். அதுவும் நிறைவேறியது. நிறைவேறிய பிறகும் அவள் கொடுக்கவில்லை. பயத்துக்கு எத்தனை கோல் முன்னால் இருந்தால் போதும் என்று அவளுக்கு இன்னமும் தெரியவில்லை.

ஜனவரியில் வெர்ன் இறந்தார். லோர்னாவும் டானெட்டும் அடக்கத்துக்குப் போனார்கள். அது முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி வைத்த ரொட்டி, பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, காப்பி. ஹெய்டி வந்து இருவர் கையையும் பிடித்து, இவ்வளவு பனியில் வண்டி ஓட்டி வந்ததற்கு நன்றி சொன்னாள். பக்கத்தில் ஒரு கிழவர், யாரம்மா இவர்கள் என்று கேட்டார்.

"நான் படிக்கற காலேஜ்ல வேலை பாக்கறாங்க, மாமா," என்றாள் ஹெய்டி.

குரலில் கோபம் ஏதும் இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது. கிழவர் தலையாட்டிவிட்டு உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

திரும்பிப் போகிற வழியில்தான், அணியில் சேர்க்க நினைத்திருந்த இன்னொரு பெண்ணின் வீடு. லோர்னா அதையும் அன்றைக்கே ஏற்பாடு செய்திருந்தாள். இந்தத் தொழிலில் அப்படித்தான், ஒரு திசையில் போனால் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவது. சமையலறை சூடாக இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை ஒன்றை வெட்டி வைத்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த அப்பாவும் கேட்பதைக் கேட்டார்.

பெரும்பாலும் பெஞ்சில்தான் இருப்பாள் என்றாள் லோர்னா. தட்டைத் தள்ளி வைத்தாள். டானெட் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலாவது வருஷம் ஏதோ கடைசி ஆட்டத்துல எல்லாரையும் இறக்குவீங்களாமே," என்றார் அவர். "எங்க பக்கத்துல சொல்லிக்கிட்டாங்க."

"இல்லைங்க. அப்படி ஒரு வழக்கம் எங்ககிட்ட இல்ல."

அவர் மனைவியிடம் திரும்பி, "பாத்தியா, மத்த கோச்சுங்க மாதிரி இல்ல, உள்ளத உள்ளபடி சொல்றாங்க," என்றார். லோர்னாவுக்கு இன்னொரு துண்டு வைக்கச் சொன்னார். அவள் அதையும் சாப்பிட்டாள்.