பருத்திப் புழுவோடு மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு

"மாமா உங்களை ஏமாற்றவில்லை." அன்று முழுக்கச் சித்தப்பாவோடு இருந்தும் இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் போன பயணம் இது. மொத்தத் தூரம் பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி போடும் சித்தப்பா, வேளச்சேரியில் நான் இருக்கும் வீட்டுக்கு விடியும்போதே வந்துவிட்டார். கையில் ஒரு ஸ்வீட் டப்பா. மூடியில் ஊசியால் குத்திய துளைகள். உள்ளே அவர் வயலின் பருத்திக் காய்களும், ஈரத்துணியில் சுற்றிய இலைகளும். காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

அவர் போட்டது பி.டி. பருத்தி. புழுவைக் கொல்லும் நஞ்சு செடிக்குள்ளேயே ஊறும்படி மரபணு மாற்றியது. அதைத் தின்றும் புழு சாகவில்லை என்றால் விதை போலி என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். விற்றவர் வேறு யாரும் இல்லை, சித்தியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மாமா. அவருடைய விதைக்கடை நிறைய ஆட்கள் நின்றபோது சித்தப்பா அவரைக் கலப்படக்காரர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து சித்தி பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. கடை உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி மனு கொடுக்க, இனி ஒரு சான்று மட்டும் வேண்டும். என் கல்லூரித் தோழி நிலோஃபர் அடையாறில் பூச்சிகளை ஆராய்கிறாள். அவளிடம்தான் போனோம்.

அவள் பத்து மணிக்குத்தான் வருவாள் என்பதால் முதலில் மயிலாப்பூரில் காலைச் சாப்பாடு. வேளச்சேரியில், மேம்பாலத்தின் மேலேயே ஓடும் பறக்கும் ரயில் ஏறினோம், ஆளுக்கு ஐந்து ரூபாய். பெட்டியில் கூட்டமில்லை. மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் காயும் புடவைகளும் ஜன்னல் உயரத்தில் மிதந்து போயின. கோட்டூர்புரம் தாண்டி ஆற்றைக் கடக்கையில் கீழே தண்ணீர் தெரியவில்லை, பனி மட்டும். விழித்திருக்கிறோமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சித்தப்பா டப்பாவை மடியில் வைத்து, மூடியில் காதை வைத்துக் கேட்டார். எனக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது.

மயிலாப்பூர்க் கோயில் குளத்தருகே இட்லி, காபி. பிறகு அடையாறுக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பெர்சு, ஸ்வீட்டா? பொண்ணு பாக்கப் போய்க்கினு கீறீங்களா?"

"புழுப்பா. டாக்டர்கிட்ட காட்டணும்."

"புழுவுக்கு டாக்டரா? எங்க ஏரியாவுல மன்சனுக்கே ஒயுங்கா கெடியாது."

ஊரிலிருந்து வந்தபின் சித்தப்பா சிரித்தது அப்போதுதான்.

நிலோஃபர் ஓர் இலைத்துண்டைச் சிறு குழாயில் நசுக்கி, மருந்துநீர் விட்டு, அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தினாள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி இருந்தது. நஞ்சு இருந்தால் கோடு வரும். வராது என்று நம்பித்தான் சித்தப்பா குனிந்து நின்றார். கோடு மெல்ல, தண்ணீருக்கடியிலிருந்து மேலே வருவதுபோல் வந்தது.

"இலையில நஞ்சு இருக்கு, சித்தப்பா. விதை நல்ல விதைதான். புழுதான் மாறிடுச்சு," என்றாள் நிலோஃபர்.

புழுக்களை வளர்த்துப் பார்த்தால்தான் அவை நஞ்சை எவ்வளவு தாங்குகின்றன என்று தெரியும் என்றாள். பிறகு கேட்டாள்: முன்பெல்லாம் விதைப் பையோடு சாதாரணப் பருத்தி விதை ஒரு சின்னப் பொட்டலமாக வருமே, அதை வயலோரம் விதைத்தீர்களா?

"யாரும்மா அதப் போட்டா? ஓரத்துல போடுன்னு மச்சான் சொல்லத்தான் செஞ்சாரு. புழு திங்கவா நான் பருத்தி போடறேன்னு கேட்டேன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க."

அவர் குரல் கடைசிச் சொல்லில் இறங்கிவிட்டது.

அந்தப் பொட்டலம் புழுவுக்காகவே கொடுத்தது. நஞ்சில்லாத செடியில் சாதாரணப் புழுக்கள் பிழைத்து அந்துப்பூச்சியாகும். நஞ்சைத் தாங்கிப் பிழைத்த ஒன்றிரண்டு அவற்றோடு கூடினால், அவற்றுக்குப் பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை நஞ்சுக்குச் சாகும். ஓரமே இல்லாத வயலில் தாங்கியவை தாங்கியவற்றோடு மட்டும் கூடும். சில ஆண்டுகளில் வயல் அவற்றுடையது. ஊர் முழுக்க ஒரே காரியத்தைச் செய்திருக்கிறது, ஒருவர்கூடத் தவறு செய்ததாக நினைக்காமல்.

கஸ்தூர்பா நகர் நிலையம்வரை மர நிழலில் நடந்தோம். சித்தப்பா இரண்டு முறை நின்றார். அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அது என்னுடையதாகியிருக்கும். அவராகவே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று பக்கத்தில் நடந்தேன். எதிரியை முழுதாக அழிக்க ஆசைப்படாமல் ஓர் ஓரத்தை விட்டுவைப்பது வயலில் மட்டும்தான் கடினமா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

இதுபோல் வருகிறவர்களுக்கு: முதலில் உங்கள் ஊர் வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள், பாதி வேலை அங்கேயே முடியலாம். ஆய்வகத்துக்கு முன்கூட்டியே பேசாமல் வராதீர்கள். காய்களைக் காகிதப் பையில் போட்டு, துளையிட்ட டப்பாவில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும். இலை வாடக்கூடாது. டப்பாவை வழியில் திறக்கவே கூடாது. பறக்கும் ரயிலில் காலையில் உட்கார இடம் கிடைக்கும், ஆட்டோவுக்கு ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா மனு கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை மாமாவின் கடைக்குப் போய், உரம் வாங்க நின்றவர்கள் முன்னால், விதை நல்ல விதைதான், நான் சொன்னது தப்பு என்று சொன்னார். மாமா எடை போட்டுக்கொண்டே இருந்தாராம். அன்று மாலை சித்தி போன் செய்தார். அண்ணன் வீட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.