சீனன்குடாவிலிருந்து பலாலிக்கு முக்கால் மணித்தியாலம்

திருகோணமலை சீனன்குடாவிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேர்கோட்டில் ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து மைல். பறக்கும் நேரம் முக்கால் மணித்தியாலம். இந்தக் கணக்கை நம்பி நான் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்து உரும்பிராயில், எங்கள் வீட்டில், அக்காவுக்குக் கல்யாணம். வாசலில் வந்து இறங்கும் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் சகோதரன் கால் கழுவித்தான் உள்ளே கூட்டிப்போக வேண்டும். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். மேலதிகாரியோ கல்யாண நாளுக்கு மட்டும்தான் லீவு தந்தார்.

விடியப் புறப்படும் பஸ் வவுனியா சுற்றி, நூற்றைம்பது மைல் ஓடி, மத்தியானத்துக்குள் சேர்த்துவிடும். கூட வேலை செய்த நண்பன் அதில்தான் போனான். எனக்குக் கசங்கிய வேட்டியோடு போய் இறங்க மனமில்லை. விமானம் எட்டு மணிக்கு, தாலி ஒரு மணிக்கு. போய் ஆறுதலாகக் குளிக்கலாம் என்றுகூட நினைத்தேன்!

துறைமுகத்தைச் சுற்றி ஏழெட்டு மைல் போய், நேரத்தோடு சீனன்குடாவில் நின்றேன். விமானம் வந்தது, இறங்கவில்லை. கடலுக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன ஐயா நடக்குது?” என்று அங்கிருந்த ஊழியரைக் கேட்டேன்.

“ஓடுபாதையில மாடு நிக்குது. கலைக்காமல் இறங்க ஏலாது.”

ஒரு பக்கம் கலைத்த மாடு மறுபக்கத்தால் வந்தது. ஒருவழியாக இறங்கினால், சில்லில் காற்றுப் போதாதாம். பிறகு எங்களையும் பெட்டிகளையும் தராசில் ஏற்றி நிறை பார்த்தார்கள். என் கோபத்தையும் சேர்த்து நிறுத்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டார்கள். புறப்படப் பதினொன்றரை ஆயிற்று. பறந்தது மட்டும் சொன்னபடி முக்கால் மணித்தியாலம், அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

பலாலியில் ஒரு வாடகைக் காரில் பாய்ந்து ஏறினேன். “அண்ணை, கெதியாப் போங்கோ. ஒரு மணிக்குத் தாலி.”

“அவ்வளவு அவசரமெண்டால் ஏன் தம்பி பிளேனில வந்தனீங்கள்?” என்றார் சாரதி.

வாசலில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு, வெறுங்காலோடு, உச்சி வெயிலில் சுடுமணலில் நின்றார். ஒன்றுவிட்ட தம்பி கழுவட்டும் என்று பெரியவர்கள் எவ்வளவோ சொல்லியும், “மச்சான் வரட்டும்” என்று அசையவில்லையாம். பஸ்ஸில் வந்த நண்பன் பந்தலில் கதிரையில் இருந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

செம்பை வாங்கிக் குனிந்தேன். அவர் பாதம் சிவந்து போயிருந்தது. சடங்குக்குக் கொஞ்சம் ஊற்றினால் போதும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, செம்பு காலியாகும்வரை ஊற்றினேன். கால் கழுவிய மச்சானுக்கு முறைப்படி போடும் மோதிரத்தை அவர் என் விரலில் போட்டார். தாலியும் நேரத்துக்கு ஏறியது.

ஆகவே, பயணம் போகிறவர்களே, பறக்கும் நேரத்தை மட்டும் கேட்காதீர்கள். நல்ல காரியமென்றால் அதற்கு முதல்நாள் விமானத்தில் போங்கள். முதல்நாள் லீவு இல்லையென்றால், மணவறையில் பக்கத்தில் இருந்த என் காதுக்குள் மாப்பிள்ளை கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

“மச்சான், திரும்பிப் போகேக்க பஸ்தானே?”

“ஓம் அத்தான். பஸ்தான்.”