அக்கா, வாசனை வருதா?

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். பிளைவுட் மேல் தேக்கில் அறுத்து ஒட்டிய இரண்டே எழுத்து: ‘ஆள்’. உள்ளே போகிறவர் எழுத்து தெரிகிற மாதிரி திருப்பி மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் மறுபக்கம் திருப்பிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் போதாதா, இதற்குப் போய் ஒரு பலகையா என்பார்கள். எங்கள் குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. என் தம்பிக்காக அம்மா அதைக் கழற்றிப் போட்டாள். இன்றுவரை யாரும் திரும்பப் பொருத்தவில்லை.

தம்பிக்கு வலிப்பு. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், ‘அது’ என்போம். அது வந்துச்சா, அது வந்து எத்தனை நாளாச்சு என்றுதான் பேச்சு. படித்து முடித்து, ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலைக்குப் போய், இனிமேல் கவலையில்லை என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில்தான் வந்தது. ஒரு காலையில் குளியலறைக்குள் வாளி உருளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். அன்று போனது தாழ்ப்பாள். பின்னாலேயே பைக் போனது, மொட்டைமாடிச் சாவி அம்மாவின் இடுப்புக்குப் போனது, பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறக்கூட அவனை விடுவதில்லை. வேலையும் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதாக மாறியது. மீசை வைத்த ஆம்பிளை, குளிக்கும்போது சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. பாட்டு நின்றால் கதவைத் தள்ளிவிடுவாள்.

ஒரு தடவை வேலூரிலிருந்து வந்த அத்தை, விஷயம் தெரியாமல் கதவைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். தம்பி அன்று பொழுது சாயும்வரை அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்ததும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

“கதவுல மாட்ட ஒரு போர்டு வேணும்க்கா. நானே செய்யணும்.”

எதை வைத்துச் செய்யப் போகிறாய் என்று கேட்டேன். ஸ்க்ரோல் சா என்று ஒரு மெஷின், செல்போனில் காட்டினான். தையல் மெஷின் மாதிரி மேசை, ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு ரம்ப பிளேடு. அது விர்ரென்று மேலும் கீழும் ஓடும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் கோலம் மாதிரி வளைத்து அறுக்கலாம். ஊருக்குள்ளேயே, அடுகோடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை கற்றுத் தருகிறார்கள் என்றான். அம்மா, “கறிகாய் நறுக்கவே விடாத புள்ளைய ரம்பத்துக்கிட்ட அனுப்புறியா, உனக்கென்ன பைத்தியமா” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள், யோசனை என்னுடையது மாதிரி. டாக்டரைக் கேட்டோம். மாத்திரை விடாமல் போடட்டும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார். அந்த ஆள் நானானேன். வேறு யார் இருக்கிறார்கள்?

பட்டறை நடத்தியவர் கன்னடக்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் மேடம் என்றார்கள். முதல் நாளே நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அல்சூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி பஸ் ஏறிவிடலாம் என்று உள்ளூர ஒரு நம்பிக்கையும் இருந்தது. அவர் தம்பியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைக் கேட்டார்.

“நீங்க என்ன வேலை பண்றீங்க?”

“கார்மெண்ட்ஸ்ல. முன்ன தையல், இப்ப செக்கிங்.”

“அப்ப பெடல் பழக்கம்தானே.” மெஷினின் கீழே இருந்து ஒரு கால்பெடலை இழுத்து என் பக்கம் வைத்தார். “அவர் அறுக்கட்டும். கால் உங்களோடது. மிதிச்சா ஓடும், எடுத்தா நிக்கும். ஹெதரபேடி, பயப்படாதீங்க. இது மத்த ரம்பம் மாதிரி விரலைக் கொண்டு போகாது, கடிக்கும் அவ்வளவுதான்.”

கடிக்கும் என்றதைத்தான் என் காது பிடித்துக்கொண்டது. அன்று முதல் என் வலது கால் என்னுடையதாக இல்லை.

கால் வைக்கிறவளுக்கும் வேலை தெரிய வேண்டும் என்று மேடம் என்னையும் சேர்த்தே உட்கார வைத்தார். பிளேடின் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், தலைகீழாக மாட்டினால் பலகையைத் தூக்கி அடிக்கும். தம்பி முதல் நாள் அதைத்தான் செய்தான், பலகை தடதடவென்று குதித்ததில் எனக்கு உயிர் போய் வந்தது. மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால் வீணைக் கம்பி மாதிரி கிண்ணென்று பேச வேண்டும். தள்ளக் கூடாது, காட்டினால் போதும், அதுவே தின்னும். வளைவில் அவசரப்பட்டால் டப்பென்று பிளேடு ஒடியும். முதல் தடவை ஒடிந்தபோது நான் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்துவிட்டேன், தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எல்லாவற்றையும்விட மேடம் அழுத்திச் சொன்னது ஒன்று: பயந்து கையைத் தூக்காதே. கை பலகையை அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகாது, தள்ளிக்கொண்டிருக்கும்போதே விட்டால்தான் அது துள்ளும். எனக்கு அதைக் கேட்டதும் வேறு படம் ஓடியது. அவனுக்கு அது வந்தால் கை யார் பேச்சைக் கேட்கும்? துள்ளுகிற பலகையும் துள்ளுகிற கையும் ஓடுகிற பிளேடும் ஒரே இடத்தில் இருக்கும். நடுவில் என் கால் மட்டும்.

இதற்கு மேல் ஒரு சங்கடம் இருந்தது. அது வருவதற்குச் சற்று முன் தம்பிக்கு ஒரு வாசனை வரும். இல்லாத வாசனை, ஏதோ கருகுகிற மாதிரி. வீட்டில் “என்னம்மா கருகுது” என்று அவன் கேட்டால் அடுப்பை யாரும் பார்க்க மாட்டோம், அவனைப் பிடித்துக்கொள்ள ஓடுவோம். இந்த மெஷினிலோ மரம் நிஜமாகவே கருகும். பிளேடு ஒரே இடத்தில் நின்று திரும்புகிறபோது சூடேறி மரத்தைச் சுட்டுவிடும். மேடம் பலகை மேல் பளபள டேப் ஒட்டி அறுக்கச் சொன்னார், கருகல் குறையும் என்றார். குறைந்தது, நிற்கவில்லை. நம் எழுத்தில் சுழி இல்லாத இடம் எங்கே இருக்கிறது? ‘ஆ’ தொடங்கும்போதே சுழிக்கிறது, முடியும்போதும் சுழிக்கிறது. ‘ள்’ளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மேடம்கூட, இங்கிலீஷில் நாலு கோடு போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டுப் பார்த்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது மேடம், அவங்கதான் முக்கியமா படிக்கணும் என்றான் தம்பி.

அதனால் எங்களுக்குள் ஒரு பேச்சு ஏற்பட்டது. சுழி வந்ததும் அவன் கண்ணை எடுக்காமல் கேட்பான்.

“அக்கா, வாசனை வருதா?”

நான் மூக்கை இழுத்துப் பார்த்து, “வருதுடா” என்பேன். மரம்தான். அவன் அறுத்துக்கொண்டே போவான். இப்போது இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு மூச்சு இழுக்கிற நேரத்தில் எனக்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மரம்தான் என்று ஆகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டே எனக்கு வாசனை வருகிறதோ என்று சந்தேகமாக இருக்கும். ஒரு சனிக்கிழமை எனக்கு ஜலதோஷம் பிடித்தது. ராத்திரி முழுக்க ஆவி பிடித்தும் மூக்கு திறக்கவில்லை. மறுநாள் வகுப்புக்குப் போகக் கூடாது என்று அடம்பிடித்தேன். “உன் மூக்கு அடைச்சா எனக்கு லீவா” என்று தம்பி கோபித்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளட்டும் என்று கதவை மறித்து உட்கார்ந்துவிட்டேன்.

கேட்காதபோதும் பயம்தான். அவன் உதட்டைக் கடித்தால் காலை எடுப்பேன். கண் கொஞ்சம் நிலைத்தால் எடுப்பேன். ஒரு தடவை தும்மல் வர முகத்தைச் சுளித்தான், எடுத்துவிட்டேன். மெஷின் நின்றதும் அவன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான், ஒன்றும் சொல்ல மாட்டான். ஆனால் பலகை சொல்லிவிடும். நின்ற இடத்தில் கை ஒரு இழை அசைந்திருக்கும், மறுபடி ஓடவிட்டால் பிளேடு அங்கே ஒரு சின்னக் கொத்து கொத்திவிட்டுத்தான் நகரும். தையலில் ஒரு கண்ணி தவறினாலே கண்டுபிடிக்கிறவள் நான். ‘ஆ’வின் ஓரத்தில் விரலை ஓட்டினால் வழியெங்கும் தட்டுப்பட்டது. அத்தனையும் நான் பயந்த இடங்கள்.

‘ள்’ளின் கடைசிச் சுழிக்கு வந்த ஞாயிறு, பட்டறையில் கூட்டமில்லை. அடுத்த மேசையில் ஒருவர் நாற்காலிக் காலுக்கு உளி போட்டுக்கொண்டிருந்தார். மேடம் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி நிதானமாக வளைத்துக்கொண்டு வந்தான். பிறகு கேட்டான், எப்போதும் கேட்கிற அதே குரலில்.

“அக்கா, வாசனை வருதா?”

மூக்கை இழுத்தேன். காபி வாசனை வந்தது. மரத்தூள் வாசனை வந்தது. கருகல் இல்லை. இன்னொரு தடவை இழுத்தேன். இல்லை. “இல்லடா” என்று வாய் சொல்வதற்குள் கால் எழுந்துவிட்டது. மெஷின் நின்றது. அவன் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது, யாரோ கூப்பிட்ட மாதிரி. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு அவன் தோளைப் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தரையில் சரிந்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பழக்கமானதுதான், பழகியதால் பயம் குறைவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துப்பட்டாவைச் சுருட்டி வைத்தேன். அடுத்த மேசைக்காரர் ஓடி வந்தார். “இரும்பு, கையில இரும்பு குடுங்கம்மா” என்று பதறினார். நம் ஆட்கள் எல்லோரும் சாவிக்கொத்தைத்தான் திணிப்பார்கள். அவர் கையில் இருந்தது உளி. அதை உதறுகிற விரல்களுக்கிடையில் வைக்கக் குனிந்தார். நான் போட்ட கூச்சலில் அவர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். நல்ல மனுஷன், பாவம். ரம்பத்துக்கு அத்தனை பயந்தேனே, இப்படி ஒன்று வரும் என்று நினைக்கவேயில்லை.

உதறல் அடங்கி, மூச்சு சீராகி, தம்பி கண் திறக்க வெகுநேரமானது போலிருந்தது. நாக்கு குழற முதலில் கேட்டது, “ள் உடைஞ்சிடுச்சா?”

மேடம் மெஷினருகே நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், இனி வராதே என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பு சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

“உடையல” என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, “நான் பார்த்துட்டே இருந்தேன்ம்மா. உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடியே அவர் பலகையை நிறுத்திட்டார். கேட்டதும் ரெண்டு கையையும் எடுத்து மடியில வெச்சுக்கிட்டார். அப்பறம்தான் உங்க கால் வந்துச்சு.”

எனக்குப் புரியவில்லை. நான் அவன் முகத்தையும் என் மூக்கையும் கவனித்துக்கொண்டிருந்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. தம்பி தரையில் படுத்தபடியே, “அதுதான் தினம் வீட்ல பழகறேனே” என்றான். ஏதோ சந்தேகம் என்றால் முதலில் தள்ளுவதை நிறுத்துவது, பிறகு கேட்பது, பிறகு கையை மடிக்கு இழுப்பது. சாப்பாட்டுத் தட்டை வைத்துப் பழகினானாம். சாப்பிடும்போது இவன் ஏன் நடுநடுவே கையை மடியில் வைத்துக்கொள்கிறான் என்று நானும் அம்மாவும் கவலைப்பட்டுப் பேசிக்கொண்டதுண்டு. மேடம் அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். ‘ள்’ளின் புள்ளியை அன்று அறுத்தான். அறுந்த புள்ளி தெறித்துக் கீழே விழுந்து, நாங்கள் மூவரும் மரத்தூளில் மண்டியிட்டுத் தேடினோம்.

இப்போது தம்பி அடுகோடியிலேயே இரண்டு சிநேகிதர்களோடு ஒரு வீட்டில் இருக்கிறான். மாத்திரை மாற்றியதில் அது வந்து வெகுநாளாகிறது. சொந்தமாக ஒரு பழைய மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறான், பெடல் அவன் காலுக்கடியில். பலகையைக் கொண்டு போகச் சொன்னேன். “அங்க எதுக்குக்கா, தாழ்ப்பாள் இருக்கு” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அன்று ராத்திரி எனக்கும் அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் போன் வரும். “என்னக்கா பண்ற” என்பான். பின்னால் மெஷின் சத்தம் இருக்காது. நடுவில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். வாசனையைப் பற்றி அவனும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. போனில் எதை முகர்ந்து சொல்வது? அம்மாவின் முழங்கால், மீன் விலை என்று ஏதாவது பேசுகிறேன். பேசிக்கொண்டே இந்தக் கதவருகே வந்து நின்று, பலகையின் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டுகிறேன். ‘ஆ’ முழுக்கத் தட்டுப்படுகிறது. ‘ள்’ளிலும் பாதிவரை தட்டுப்படுகிறது. அந்தக் கடைசிச் சுழியில் மட்டும் ஒன்றுமில்லை. எத்தனை தடவை தேடினாலும் நிஜமாக அது வந்த இடம் வழவழவென்றுதான் இருக்கிறது. இருந்தும் என் வலது கால் தரையிலிருந்து எழுந்தே நிற்கிறது. “சரிக்கா, வேலை கிடக்கு, வைக்கறேன்” என்று அவன் சொன்ன பிறகுதான் கீழே வைக்கிறேன்.