கறிக்கு மட்டும் மீன் பிடித்த ஊர்

எங்கள் ஊரில் மீன்பாடு எவ்வளவு என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாவூறு பட்டுவிடும், மறுநாள் வலை வெறுமையாக வரும் என்ற பயம். படகு நிறைய மீன் கிடந்தாலும் பதில் ஒன்றுதான்: "கறிக்குத்தான்." இந்த ஓலைத்தொடுவாயில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து எனக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது?

கடற்றொழிலாளருக்குப் படகு ஓட்ட அரசாங்கம் மண்ணெண்ணெயைக் குறைந்த விலையில் கொடுத்து வந்தது. வரிப்பணத்தில் போகும் அந்த மானியம் சேர வேண்டிய இடத்தில் சேர்கிறதா என்று கொழும்பில் ஓர் ஆய்வு நிலையம் ஆராயத் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. உயர்தர வகுப்பில் பொருளியல் படித்தவள் என்று என்னைப் பிடித்தார்கள். மூன்று மாதம், மாதத்துக்கு ஒரு சுற்று. என் கணவருக்கும் படகு இருந்ததால் எங்கள் வீடும் பட்டியலில் இருந்தது.

முதல் வீட்டுக்காரர் எண்ணெய்க் கணக்கைத் தடங்கலில்லாமல் சொன்னார். கூட எழுதினால் கூடக் கிடைக்கும் என்ற நினைப்பில் இரண்டு லீட்டர் கூட்டியே சொன்னார்.

"நேற்று எவ்வளவு மீன் பட்டது?" என்று கேட்டேன்.

"கறிக்குத்தான் பிள்ளை."

அவர் முற்றம் முழுக்கப் பாயில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கால் வைக்க இடமில்லாமல் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தேன்.

"அப்ப இந்தக் கருவாடு?"

"அது போன கிழமை கறிக்கு மிஞ்சினது."

எல்லா வீட்டிலும் இதே பாட்டு. கடைசியாக என் கணவரிடம் வந்தேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கறிக்குத்தான் எண்டு போடும்" என்றார்.

"நேற்று அவ்வளவு மீனையும் வெட்டிக் கழுவினது நான்தானேயப்பா."

"அப்ப உமக்குத் தெரியும்தானே. பிறகென்னத்துக்குக் கேக்கிறீர்?"

எரிச்சலில் பேனையை எறிந்துவிட்டேன். பிறகு நானே தேடி எடுத்தேன். படிவம் நிரப்பப் பேனை வேண்டுமே.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஆய்வை நடத்தியவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவரைச் சேர் என்றுதான் அழைப்போம். நல்ல மனிதர், ஆனால் தாளில் இல்லாத எதையும் நம்பாதவர். என் படிவங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "இவங்க எண்ணெய்யைக் கடலுக்குக் கொண்டு போகல்ல. வெளியில விக்கிறாங்க. இவ்வளவு எண்ணெய் எரிச்சு ஒரு கறிக்கு யாராவது மீன் பிடிப்பாங்களா? இந்த ஊருக்கு மானியத்த நிப்பாட்டச் சொல்லித்தான் எழுதவேணும்" என்றார்.

மானியம் நின்றால் எங்கள் படகு கரையேற வேண்டியதுதான். ஊரையே கள்ளர் ஆக்கியது என் கையெழுத்து. அவர் கொழும்புக்குத் திரும்புமுன்னே இரண்டாம் சுற்றைத் தொடங்கி, தந்திரமாகக் கேள்வியை மாற்றினேன். "உங்களுக்கு எவ்வளவு பட்டது என்று சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு பட்டது?"

அவ்வளவுதான், எல்லார் வாயும் திறந்துகொண்டது. "அவனுக்கென்ன, ஏழு பெட்டி. மடுக்கோயில் மாதா அவன்ரை வலையை மட்டும்தான் பாக்கிறா" என்றார் கருவாட்டுக்காரர். அந்த ஏழு பெட்டிக்காரர் இவருக்குப் பத்துப் பெட்டி என்றார். புதுப் படிவங்களின்படி எங்கள் ஊரில் ஏழை என்று ஒருவரும் இல்லை.

"இவ்வளவு வசதியான ஆக்களுக்கு எதுக்கு மானியம்?" என்றார் சேர், புதுப் படிவங்களைப் புரட்டிவிட்டு.

நான் படிவங்களை வாரி அடுக்கினேன். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "மூணாவது சுற்றுக்கு நான் திரும்ப வருவன். ஒரே ஒரு வீட்டின்ட உண்மைக் கணக்கு எனக்குப் போதும். உங்க வீட்டையே எழுதித் தாங்க. அத வச்சு மற்றதச் சரி பாக்கிறன்" என்றார்.

இது லேசான காரியம். அவர் வந்த அன்று எங்கள் முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்து, படிவத்தை மடியில் வைத்தேன். முதல்நாள் பட்டது நான்கு பெட்டி. நான்கு என்று போட்டால் ஊர் தப்பிவிடும். பேனையைத் தாளில் வைத்தேன். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வாசல் படலையைப் போட்டு அடித்தது. என் கணவர் கடலில் நிற்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேனையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு மாதமாக ஊரையெல்லாம் மூடநம்பிக்கை என்று திட்டித் திரிந்தவள் நான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதிய கையோடு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் வெட்கத்தை விடப் பெரிதாக இருந்தது.

"அவர் கரைக்கு வரட்டும் சேர். வந்த பிறகு எழுதித் தாறன்."

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். பிறகு என்னோடு கரைக்கு நடந்து வந்தார். ஒரு மணித்தியாலம் போல மணலில் நின்றோம். படகு கண்ணில் தட்டுப்பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி அழுகிற அளவுக்கு அன்று கடல் மோசமுமில்லை.

ஐந்து பெட்டி மீன் இறங்கியது. சேர் அதன் முன்னால் போய் நின்று, என் கணவரிடமே கேட்டார்: "இண்டைக்கு எவ்வளவு?"

"கறிக்குத்தான் சேர்" என்றார் இவர், ஐந்தாவது பெட்டியில் கை ஊன்றிக்கொண்டு.

சேர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மணலில் விழுந்தது. அன்று முழுவதும் கரையிலேயே நின்று, வந்த படகு ஒவ்வொன்றின் பெட்டியையும் தானே எண்ணினார். எங்கள் வீட்டுப் படிவத்தில் நான்கும் ஐந்தும் நானே எழுதிக் கொடுத்தேன். அறிக்கை வெளிவந்தபோது எங்கள் ஊர் எண்ணெய் கடலுக்குத்தான் போகிறது என்றிருந்தது. மானியம் நிற்கவில்லை.

ஆனால் படிவம் கொடுத்த அன்று பின்னேரமே என் கணவர் கேட்டார்: "என்ன எழுதிக் குடுத்தனீர்?"

"உள்ளதைத்தான்."

அவர் கோபிக்கவில்லை. மறுநாள் காற்றும் இல்லை, கடல் குளம் போலக் கிடந்தது. அவர் வலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, பொத்தல் அடைக்க வேண்டும் என்று முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். வலையில் ஒரு பொத்தலும் இல்லை. கணக்கு எழுதிக் கொடுத்த மறுநாள் அல்லவா, நானும் போகச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சப் படிவங்களை முடிக்க உட்கார்ந்தேன். கடலுக்குப் போகாத நாளுக்குக் காரணம் என்ன என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வீட்டுத் தாளில் அந்தக் கட்டத்துக்குள் "காற்று" என்று எழுதினேன்.