குளவியின் முகத்தில் ஒரு மங்கல்

சுயம்புலிங்கம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் வேன் டிரைவர். தன் ஊரான சுந்தரபாண்டியத்துப் பெண்களைக் காலை ஷிஃப்டுக்கு ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்து மில் வாசலில் இறக்குவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். இடையில் கிடக்கிற பகலில் வேலை கிடையாது. மற்ற டிரைவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இவர் காம்பவுண்டுச் சுவரோரம் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே மண்டிபோட்டுப் பூச்சிகளைப் படமெடுத்துக்கொண்டிருப்பார்.

கேமராவைக் கொடுத்ததும் பழக்கியதும் ஜோயல். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறவன், இவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். பூச்சிக்கு மிக அருகில் போய் எடுத்தால் கண் தெளிவாக இருக்கிறது, தலையில் கொம்பு போல நீளும் மீசை மங்கிவிடுகிறது; மீசை தெளிந்தால் கண் போய்விடுகிறது என்று சுயம்புலிங்கம் சலித்துக்கொண்டபோது அவன்தான் ஃபோகஸ் ஸ்டாக்கிங் பற்றிச் சொன்னான்.

"அம்புட்டும் ஒரே படத்துல விழாது அண்ணாச்சி. ஸ்டாண்டுல வச்சு, இம்மி இம்மியா முன்னால நகத்தி நெறைய எடுங்க. பொறவு கம்ப்யூட்டர்ல அடுக்குனா, ஒவ்வொரு படத்துலயும் தெளிவா இருக்குற எடத்த மட்டும் அதுவே பொறுக்கிச் சேத்துக்கிடும்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. காற்று ஒரு தடவை இலையை அசைத்தால் மொத்தமும் வீண். பஞ்சு லாரி உள்ளே வந்தால் தரை அதிர்ந்து வீண். பூச்சி ஒரு கால் எடுத்து வைத்தால் அடுக்கிய படத்தில் அதற்கு இரண்டு தலை வந்துவிடும். மாதக்கணக்கில் தோற்றுத் தோற்று, கடைசியில் ஒரு கட்டெறும்பு முழுசாக அமைந்தது. அதன் தாடையில் இருந்த முடிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. போனில் ஏற்றி மனைவி செல்லத்தாயிடம் காட்டினார். "ஆத்தாடி, இதையா நாம மிதிச்சுட்டுப் போறோம்?" என்று அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு குளவியின் முகத்துக்கு ஆசைப்பட்டார். விடிந்து வெயில் ஏறுவதற்குள் குளவிகள் கூட்டின்மேல் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். பெண்களை இறக்கிவிட்ட கையோடு சுவரோரம் இருந்த கூட்டுக்கு முன்னால் போய் கேமராவை நிறுத்துவார். முதல் படம், நமக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டிருக்கும் மீசை நுனியில் தொடங்க வேண்டும். இடது கண்ணை மூடி, வலது கண்ணை கேமராவில் வைத்து லென்ஸ் வளையத்தைத் திருகினார். ஓரத்துச் சிறகு தெரிந்தது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் தண்ணீர் பட்ட கண்ணாடி போலக் கலங்கி நின்றது. எப்படித் திருகியும் தெளியவில்லை. ஒரு வாரம் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால், மீசையே இல்லாத குளவிகள்தான் வந்தன. தொடக்கமே தப்பான இடத்தில் விழுந்திருந்தது.

லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, ஒரு பகலில் ஜோயலிடம் கொண்டுபோனார். அவன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கேமராவில் மாட்டி, மேசைமேல் கிடந்த ஒரு பூவைப் பார்த்தான்.

"பளிச்சுனு இருக்கே அண்ணாச்சி. ஒரு குத்தமும் இல்லையே."

"நடுவுல மங்கலா இல்ல?"

"இல்லையே. நீங்க பாருங்க."

பார்த்தார். மங்கல் அங்கேயே இருந்தது. கேமராவை இறக்கினார். இடது கண் இன்னும் மூடியே இருந்தது. அப்படியே ஜோயலைப் பார்த்தார். அவனுக்குக் காது இருந்தது, தலைமுடி இருந்தது, சட்டைக் காலர் இருந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. அந்த இடத்திலிருந்து, "என்ன அண்ணாச்சி, ஏன் இப்பிடிப் பாக்கீங்க?" என்று குரல் வந்தது.

"ஒண்ணுமில்லடே, வாரேன்" என்று சொல்லி வெளியே வந்தார். தெருவில் நின்று கண்களை மாற்றி மாற்றி மூடினார். வலது கண்ணால் பார்த்தபோது எதிர்க்கடையின் பெயர்ப்பலகை நடுவில் குழிந்து வளைந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் நேராக இருந்தது. இத்தனை நாள் ஒரு கண் இன்னொன்றுக்காகச் சேர்த்து உழைத்ததில் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறது.

சாயங்காலம் மில் சங்கு ஊதியது. பெண்கள் பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். சுயம்புலிங்கம் சாவியைத் திருகப்போய் நிறுத்தினார். ஓட்டிவிடலாம், நேற்றும் இந்தக் கண்ணோடுதானே ஓட்டினோம் என்று தோன்றியது. கூடவே, போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் முக்கில் ஒரு சைக்கிள்காரர் திடீரென்று முளைத்தது போல முன்னால் வந்ததும், கடைசி நொடியில் பிரேக்கை மிதித்ததும் நினைவுக்கு வந்தன. சைக்கிள்காரர் திடீரென்று வரவில்லை, அவர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார் என்பதைத் தன் கண்தான் சரியாகக் காட்டவில்லை என்பது இப்போது உறைத்தது. சாவியை உருவிக்கொண்டார். பின்னால் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கிப் போய், தலை சுற்றுகிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். வேறொரு டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். சுயம்புலிங்கம் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, மொகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்று பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். எதிரே வந்த ஒவ்வொரு விளக்குக்கும் அவர் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செல்லத்தாயை எதிரே நிற்கச் சொல்லி, இடது கண்ணைப் பொத்தினார்.

"ஏட்டி, ஒன் மொகம் தெரியல எனக்கு."

அவள் வெலவெலத்துப் போனாள். முதலில் அழுதாள், பிறகு கத்தினாள். "சர்க்கரை மாத்திரய ஒழுங்காப் போடுங்கன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்! ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னியள்ல?"

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு பெட்டியில் தாடையை வைக்கச் சொல்லி கண்ணின் உட்புறத்தை ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரையைக் குறுக்கே சீவியது போன்ற படங்கள் திரையில் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தட்டையாக இருக்க வேண்டிய இடம் நடுவில் மேடுதட்டி, உள்ளே கருப்பாகப் பொந்து விழுந்திருந்தது.

"சர்க்கரையால உள்ள நீர் கோத்திருக்கு. கண்ணுக்குள்ள ஊசி போடணும்," என்றார் டாக்டரம்மா.

"கண்ணுக்குள்ளயா?"

"ஆமா. இன்னும் தள்ளிப்போட்டா திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்."

ஊசி போடும் அறையின் குளிரில் அவர் பற்கள் அடித்துக்கொண்டன. மரத்துப்போக சொட்டு மருந்து விட்டார்கள். முகத்தைத் துணியால் மூடி, ஓட்டை வழியாக அந்தக் கண் மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, இமை மூடாமல் இருக்க ஒரு கம்பியை மாட்டினார்கள். கண்ணை மூடவும் முடியாது, தலையைத் திருப்பவும் முடியாது.

"மேல பாருங்க. அசையாதீங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டார். குத்தியது வலிக்கவில்லை, ஒரு அழுத்தம்தான். ஆனால் கண்ணுக்குள்ளேயே ஏதோ புகையாகச் சுருண்டு இறங்குவது தெரிந்தது. 'முருகா' என்று கத்திவிட்டார்.

பிறகும் சில மாதங்கள் போய்ப் போய் ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பஸ் திருமங்கலம் தாண்டும்போதே வலது கண்ணைப் பொத்திக்கொள்வார். மங்கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது, முழுதும் போகவில்லை. வலது கண்ணுக்கு முகங்கள் திரும்பி வந்துவிட்டன, சின்ன எழுத்துகள் வரவில்லை. வேன் ஓட்டப்போவதில்லை என்று அவரே மில்லில் சொல்லிவிட்டார். ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு பிளவக்கல் அணைப்பக்கம் போனார். புல்லில் ஒரு தும்பி பனி படிந்து உட்கார்ந்திருந்தது. இப்போது இடது கண்ணால்தான் பார்க்கிறார். அந்தக் கண்ணை கேமராவில் வைக்கும் முன், இதிலும் மங்கலாகத் தெரிந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் செத்த நேரம் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, தெரியுதா?" என்று செல்லத்தாய் கிசுகிசுத்தாள்.

"இரு, இன்னும் பாக்கல" என்றார்.