வாடகை வீட்டில் ஒரு குரல்

இணையதளம் கட்டும் வேலையில் தலை நரைத்தவள் மூத்தவள். ஆப்பை இறக்கச் சொல்லி யார் வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். எல்லாமே பிரவுசரில் ஓட வேண்டும் என்பது அவள் கட்சி. ஆப் எழுதிப் பிழைக்கும் தங்கை எதிர்க்கட்சி.

"ஆப்புன்னா சொந்த வீடுக்கா. பிரவுசர் வாடகை வீடு. எப்ப வேணா சாமானைத் தூக்கி வெளிய போட்டுருவான்."

"சொந்த வீட்டுக்கு நீ மாசாமாசம் வெள்ளையடிக்கிற லட்சணம்தான் தெரியுதே! எனக்கு லிங்க்கைத் தட்டினா போதும்."

"வாய் வலிக்கலையா? தட்டைக் கழுவுங்கடி," என்று அம்மா சபையைக் கலைப்பாள்.

அந்த அம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். அறுவைக்கு முன்பே மூத்தவள் ஒரு இணையப் பக்கம் அமைத்து, அம்மாவின் போனில் திறந்து, அவளைப் பேசவைத்து அந்தப் பிரவுசருக்குள்ளேயே பதிந்தாள். தட்டுப் படத்தைத் தொட்டால் "சாப்பிட்டியா?" கதவைத் தொட்டால் "பாத்துப் போ." அம்மாவே கேட்டு வாங்கிய பொத்தான் ஒன்றும் உண்டு: "கழுதைங்களா!"

"இந்தப் பதிவுல எனக்கும் ஒரு காப்பி குடுக்கா," என்றாள் தங்கை.

"அம்மா குரல் ஊர் சுத்த வேணாம். அம்மா போன்லயே இருக்கட்டும்."

குரல் போன பிறகும் வீட்டில் திட்டு குறையவில்லை. அம்மா அதிகம் அழுத்தியது கழுதைப் பொத்தானைத்தான்.

அம்மாவின் கண்ணுக்காகப் பொத்தான்களைப் பெரிதாக்கினாள் மூத்தவள். போனோ பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு அன்றாடம் ஓதும் மந்திரம்தான்: தளத்தோட டேட்டாவை அழிச்சுட்டு மறுபடி திறங்க. புத்தி முந்துவதற்குள் விரல் முந்திவிட்டது.

பொத்தான்கள் பெரிதாக, அழகாக வந்தன. உள்ளே குரல் இல்லை.

ஓடிவந்த தங்கை போனைத் துருவித் துருவிப் பார்த்தாள். "அப்பவே சொன்னேன்ல" என்ற அடிக்காக மூத்தவள் காத்திருந்தாள். வாங்கிக்கொண்டால் ஆறுதலாக இருந்திருக்கும். வாதத்தில் ஜெயித்தவளோ போனைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து அழுதாள்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டுப் படத்தைத் தொட்டாள். சத்தம் வரவில்லை. ஒலியைக் கூட்டி, மூத்தவளைப் பார்த்தபடி மறுபடி தொட்டாள்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மூத்தவள் தலையாட்டினாள்.

"சாப்பிட்டேம்மா."